அம்மா கப்பலேறப் போகிறாள்… ஸ்வெட்டர் எங்கே?

மே மாதம். அக்னி நட்சத்திரம். செம்பட்டி நாலு ரோட்டில் நின்றால் தார் உருகி, செருப்பைப் பிடித்துக்கொண்டு 'போகாதே' என்கிறது. அந்த வெயிலில் பஸ் ஏறி திண்டுக்கல் போய், ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, "கம்பளி ஸ்வெட்டர் இருக்கா? அதுக்கு மேல போடற மழைக் கோட்டு? கை உறை?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பிக்கு முதல்ல ஒரு மோர் வாங்கிட்டு வா" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. விஷயத்தைக் கேட்டால் நீங்களும் மோர்தான் வாங்கித் தருவீர்கள்.

என் அக்கா இருப்பது அமெரிக்காவில், சியாட்டில் பக்கம். மச்சானுக்குக் கம்ப்யூட்டர் வேலை. போன வருடம் ஒரு நாள் போன். "ஜூலையில அலாஸ்காவுக்குக் கப்பல்ல போறோம்டா. ஏழு ராத்திரி. அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம். டிக்கெட் போட்டாச்சு. நீ சாமானை மட்டும் கட்டி அனுப்பு."

'நீயும் வா' என்று அக்கா சொல்லவில்லை. சொன்னாலும் பிரயோசனம் இல்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கும் பி.காம். பட்டதாரியின் பேங்க் பாஸ்புக்கைப் பார்த்து விசா கொடுக்கும் அளவுக்கு எந்த நாடும் இளகிய மனசு படைத்ததல்ல.

அம்மாவுக்கு 62 வயது. அதுவரை போன அதிகபட்ச தூரம் திருச்செந்தூர். கடலைப் பார்த்தது மூன்று தடவை. மூன்று தடவையும் முழங்கால் அளவுதான். போதாக்குறைக்கு வீசிங். மார்கழிப் பனி கொஞ்சம் கூடினாலே ராத்திரி உட்கார்ந்தபடிதான் தூக்கம். அவளைப் பனிமலை பார்க்க அனுப்புவதா?

டாக்டரிடம் கேட்டோம். "தாராளமா போகட்டும். ஆனா நனையக் கூடாது. நனைஞ்ச துணியோட குளிர்ல நிக்கவே கூடாது. நெஞ்சுல குளிர் ஏறாமப் பாத்துக்கணும்" என்றார். ஆக, பெட்டி கட்டுவது என்பது சும்மா துணி மடிப்பதல்ல. அம்மாவின் மூச்சு சம்பந்தப்பட்ட விவகாரம். ராத்திரி தூக்கம் போனது எனக்கு.

மழையா, பனியா?

அலாஸ்கா என்றதும் நான் பனிக்கரடி, இக்ளூ என்றுதான் கற்பனை செய்தேன். விசாரித்தால் கதையே வேறு. ரஷ்யாக்காரர்களிடமிருந்து 1867-ல் 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிப் போட்ட பூமி அது. அதன் தென்கிழக்கு ஓரமாகத்தான் சியாட்டில் கப்பல்கள் போகின்றன. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்று ஊர்கள். ஜூலையில் அங்கே பகல் நேரத்து வெப்பம் 15, 17 டிகிரி. கிட்டத்தட்ட நம் கொடைக்கானல்தான்!

பிறகு என்ன பயம் என்கிறீர்களா? மழை, ஸ்வாமி, மழை! நம் திண்டுக்கல் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையைச் சேர்த்தால் 800 மில்லிமீட்டரைச் சுற்றி நிற்கும். கெட்சிகனில் அது 3,500-க்கும் மேல்! நாலு மடங்கு தாண்டுகிறது. அங்கே இருப்பது பனிப் பாலைவனம் அல்ல, குளிர்ப் பிரதேசத்து மழைக்காடு. நம்ம ஆத்தூர் காமராஜர் அணைக்கு அதில் பாதி கிடைத்தால் போதாதா!

இன்னொரு சங்கதி, காற்று. கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நம்மூர் டவுன் பஸ் வேகம்தான். ஆனால் டவுன் பஸ்ஸின் கூரை மேல் ஏறி நின்றால் எப்படி இருக்கும்? மேல்தளத்தில் நிற்பது அப்படி. பனிப்பாறை பக்கத்தில் போனால் காற்றும் ஐஸ் பெட்டியிலிருந்து வருகிற மாதிரி வரும்.

"குடை?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தக் காத்துல குடையைப் பிடிச்சா நீ ஜப்பான் போயிருவ."

அப்பா சொல்லாமல் சொன்ன பாடம்

"அடுக்கடுக்காகப் போட வேண்டும்" என்று அக்கா போனில் பாடம் எடுத்தாள். ஒரே ஒரு தடித்த கம்பளிக் கோட்டைவிட மெல்லிசாக மூன்று துணி மேல். உடம்பை ஒட்டி ஒன்று, நடுவில் கதகதப்புக்கு ஒன்று, மேலே காற்றும் மழையும் புகாமல் ஒன்று.

அம்மா சிரித்தாள். "இதைச் சொல்ல அமெரிக்கா போகணுமாக்கும்? உங்கப்பா தினம் செஞ்சதுதான!"

அட, ஆமாம்! அப்பா பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிற வண்டியில் வருடக்கணக்காக டிக்கெட் கிழித்தவர். வத்தலக்குண்டு வரை பனியன், அதன் மேல் காக்கிச் சட்டை. காட் ரோடு ஏற ஆரம்பித்ததும் கையில்லாத ஸ்வெட்டர். மேலே போனதும் மழைக் கோட்டு, குரங்குக் குல்லா. இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழட்டி, செம்பட்டி வரும்போது மறுபடி வெறும் காக்கி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்கிறது விஞ்ஞானம். கொடைக்கானல் இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர். அப்பா ஒரு நாளில் இரண்டு பருவம் பார்த்த மனிதர்.

ரொம்பக் குளிரினால் இன்னொரு வேலையும் செய்வார். பழைய தினசரித் தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்வார். நாங்கள் கேலி செய்வோம். "எனக்கு நெஞ்சு நிறையச் செய்தி" என்பார்.

இப்போதுதான் அதன் சூட்சுமம் புரிகிறது. கம்பளிக்குத் தனியாகச் சூடு எதுவும் கிடையாது. சூடு நம் உடம்புடையது. துணிக்கும் துணிக்கும் நடுவே அடைபட்டு நிற்கும் காற்று அதை வெளியே போகவிடாமல் காவல் காக்கிறது. மூன்று துணி என்றால் நடுவில் இரண்டு காற்றுக் கட்டில்! வியர்த்தால் ஒன்றைக் கழட்டலாம், குளிர்ந்தால் ஒன்றைப் போடலாம். ஒரே தடிக் கோட்டில் அந்த வசதி இல்லை. கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், மொத்தமாக ஃபிக்ஸட் டெபாசிட் போடாமல் சேவிங்ஸில் வைப்பது மாதிரி. வேண்டும்போது எடுக்கலாம்.

பருத்தி என்னும் துரோகி!

அடுத்துதான் வீட்டில் யுத்தம். அம்மா பெட்டியில் முதலில் அடுக்கியது ஆறு சுங்குடிச் சேலை. சின்னாளப்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு சுங்குடி கட்டாமல் யார் கட்டுவது?

வெயிலுக்குச் சுங்குடியை அடிக்க ஆள் இல்லை. வியர்வையை உறிஞ்சி மெதுவாக ஆறவிடும். ஆறும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். செம்பட்டியில் எது வரமோ, அதுவே அலாஸ்காவில் சாபம். நனைந்த பருத்தியில் காற்றுக்குப் பதில் தண்ணீர் உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். சேலைக்கு இன்னொரு ஆபத்து: கொசுவத்தின் கரை ஈரத் தரையில் பட்டால் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல முழங்கால் வரை ஈரத்தை இழுத்துவிடும்.

"பேண்ட் போட்டுக்கம்மா."

"இந்த வயசுலயா? அங்கிட்டு எவனாவது நம்மூர்க்காரன் பாத்துட்டா?"

"அலாஸ்காவுல செம்பட்டிக்காரன் யாரும்மா இருக்கான்?"

"நான் வரலையா? அந்த மாதிரி இன்னொருத்தி வந்திருப்பா!"

லாஜிக்கை மறுக்க முடியவில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம். அம்மா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாள். உள்ளே, கல்யாணமான புதிதில் வாங்கிய இரண்டு நைலக்ஸ் சேலைகள்! அந்தக் காலத்து ஃபேஷன். தண்ணீரை உறிஞ்சாது, உதறினால் காய்ந்துவிடும். கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, உள்ளே தெர்மல் பேண்ட், உள்ளங்காலுக்குக் கம்பளிச் சாக்ஸ். கப்பலுக்குள் இது. கரையில் இறங்கும் நாளில் மட்டும், மழை பெய்தால் மட்டும், யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, மழைக்கான பேண்ட்.

கோட்டுக்கு வைத்த பரீட்சை

நடு அடுக்குக்குக் கொடைக்கானல் ஏரிக்கரைக் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கியாயிற்று. மேல் அடுக்குக்கு அம்மாவிடம் ஏற்கெனவே பதில் இருந்தது. "அப்பாவோட கோட்டு இருக்கே."

அப்பா போய் மூன்று வருஷம். அந்த ரப்பர் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்துப் பிரித்தேன். பிரியவில்லை. ரப்பர் வெந்து ஒட்டிப்போய், மடிப்பில் விரிசல். தேய்மானம் நூறு சதவிகிதம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப மடித்து, அதே ஆணியில் மாட்டினாள்.

ரப்பர் கோட்டுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மக்கின்டாஷ் 1823-ல் இரண்டு துணிக்கு நடுவே ரப்பர் கரைசலைத் தடவி ஒட்டி, காப்புரிமை வாங்கினார். மழை உள்ளே வராது. ஆனால் வியர்வையும் வெளியே போகாது. உள்ளே ஒரு தனி மழை! 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான் சமாசாரத்தை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளைகள் உள்ள சவ்வு கிடைத்தது. மழைத் துளி புக முடியாத துளை. வியர்வை ஆவி போகிற துளை. அதில் தைத்த கோட்டுகள் அருமை. விலை? அதைப் படிக்கும்போது எனக்கே வியர்த்தது.

நம் பட்ஜெட்டுக்கு, உள்பக்கம் பூச்சுக் கொடுத்த நைலான் கோட்டு ஒன்று வாங்கினேன். என் நாலு கட்டுரைச் சன்மானம். கடையில் 'தண்ணியே போகாது சார்' என்று சத்தியம் செய்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக் கொல்லையில் அம்மாவுக்குக் கோட்டை மாட்டி, முக்காலியில் உட்கார வைத்து, மோட்டார் போட்டு, ஹோஸ் பைப்பைத் தலைக்கு மேல் பிடித்தேன்.

சரியாகப் பத்து நிமிஷம். பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அம்மாவுக்கு ஏதும் பரிகாரமா?" என்றது.

கோட்டைக் கழட்டினால் இரண்டு தோளிலும் ஈரம்! துணி வழியாக இல்லை, தையல் ஓட்டை வழியாக. அன்று கற்ற பாடம்: மழைக் கோட்டு வாங்கும்போது வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள். உள்பக்கம் திருப்பி, தையல் மேல் நீளமாக நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழைக்கு, இல்லாவிட்டால் தூறலுக்கு. இடுப்புக்குக் கீழே இறங்குகிற நீளம் வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டியிருப்பதால் ஒரு அளவு பெரிசாக வேண்டும். நாலு கட்டுரை ஆறு கட்டுரையாகி, நாடா ஒட்டிய கோட்டு வந்தது. பதினைந்து நிமிஷ ஹோஸ் பைப்பிலும் அம்மா உள்ளே காய்ந்த அப்பளம் மாதிரி இருந்தாள். அத்தைக்குத்தான் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

துணி ரெடி, விசா?

எல்லாம் அடுக்கி முடித்த நேரத்தில் அக்காவிடமிருந்து அழுகிற குரலில் போன். கப்பல் கடைசியில் கனடாவில் உள்ள விக்டோரியா ஊரில் சில மணி நேரம் நிற்குமாம். அம்மாவிடம் இருப்பது அமெரிக்க விசா மட்டும்.

அமெரிக்க ஊரிலிருந்து அமெரிக்க ஊருக்குப் போகிற கப்பல் கனடாவில் ஏன் நிற்க வேண்டும்? எல்லாம் 1886-ல் போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆள் ஏற்றிச் சுற்ற முடியாது. நடுவில் வேறு நாட்டைத் தொட வேண்டும். சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பதிவுதான். அதனால் அந்த நாலு மணி நேர விக்டோரியா. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதற்கும் கனடா விசா வேண்டும். சென்னைக்கு ஓடி, கைரேகை கொடுத்து, வாசலைப் பார்த்தபடி வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்து… விசா வந்தபோது புறப்பட ஒன்பது நாள்தான் பாக்கி. பெற்றோரை அழைக்கிற பிள்ளைகளே, கோட்டு வாங்குவதற்கு முன்னால் கப்பல் எந்தெந்த நாட்டைத் தொடுகிறது என்று பாருங்கள்!

பெட்டியில் என்ன? பட்டியல் இதோ

அம்மாவின் பெட்டியைக் கட்டிய அனுபவத்தில், போகிறவர்களுக்காக:

1. உடம்பை ஒட்டி: தெர்மல் மேல்-கீழ் இரண்டு செட். பருத்தி வேண்டாம், கம்பளி அல்லது பாலியஸ்டர்.

2. நடுவில்: ஸ்வெட்டர் ஒன்று, மெல்லிய ஜாக்கெட் ஒன்று. ஒன்று நனைந்தால் மற்றது.

3. மேலே: நாடா ஒட்டிய, தலைமூடியுள்ள மழைக் கோட்டு, மழைப் பேண்ட்.

4. காதை மூடும் குல்லா, கை உறை, சாக்ஸ் ஐந்து ஜோடி, வழுக்காத ஷூ. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் சீக்கிரம் காயும்.

5. துறைமுகத்தில் வாங்குகிற பெட்டி ரூமுக்கு வர மணிக்கணக்காகும். அதனால் மருந்து, பாஸ்போர்ட், ஸ்வெட்டர், மழைக் கோட்டு எல்லாம் கைப்பையில்.

6. கடைசி ராத்திரி பெட்டியை ரூமுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலைக்கு ஒரு செட் துணியை எடுத்து வைக்காமல் கொடுத்துவிட்டு, நைட்டியோடு இறங்கியவர்கள் உண்டாம்!

7. இஸ்திரிப் பெட்டி, கரண்டு அடுப்பு, மெழுகுவர்த்தி கூடாது. நெருப்புப் பயம். அம்மாவின் குத்துவிளக்கு இந்தக் காரணத்தால் கடைசி நிமிஷத்தில் இறக்கப்பட்டது.

அம்மாவின் பிளேன் டிக்கெட்டில் 23 கிலோப் பெட்டி இரண்டு. ஒன்று முழுக்கப் பருப்புப் பொடியும் வடகமும் அக்காவுக்கு. பேராசை என்று நினைக்காதீர்கள். 1897-98-ல் இதே ஸ்காக்வே வழியாகத் தங்கம் தேடிக் கனடாவுக்குள் போனவர்களை, ஒரு வருஷத்துச் சாப்பாடு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று மலையுச்சியில் போலீஸ் நிறுத்தியது. தலைக்கு ஏறக்குறைய ஒரு டன் சாமான்! அதற்கு இந்த வடகம் எம்மாத்திரம்?

அலாஸ்கா எல்லாருக்கும் இல்லைதான். ஆனால் 2022 ஜூனில் சென்னையிலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டு, மழைக்காலத்தில் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். நம் கடலுக்கு தெர்மல் தேவையில்லை. உள்ளே ஏ.சி. குளிர், மேல்தளத்தில் காற்று, ஐப்பசி கார்த்திகையில் மழை. ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் நாடா ஒட்டிய கோட்டும் போதும்.

ஜூனோவிலிருந்து ஒரு போன்

கப்பலேறிய நாலு நாள் வரை போன் இல்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நாலு நாளும் வீசிங் எனக்குத்தான். ஐந்தாம் நாள் விடியற்காலை அடித்தது.

"தம்பி, இங்க ராத்திரி ஒம்பதரை மணிக்கும் பகல் மாதிரி இருக்குடா. விளக்கேத்தற நேரமே வரமாட்டேங்குது!"

"மூச்சு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கேன். நேத்து பனிமலையைப் பாத்தோம். நீலமா இருக்குடா. இடிஞ்சு விழுந்துச்சு பாரு, இடி இடிச்ச மாதிரி! மழைன்னா மழை. எல்லாரும் உள்ள ஓடிட்டாக. நான் மட்டும் நின்னு பாத்தேன்."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "உங்கப்பா தினம் கொடைக்கானல் போவாரு. 'அடுத்த வருஷம் உன்னயக் கூட்டிட்டுப் போறேன்'னு வருஷா வருஷம் சொல்லுவாரு. ஒரே ஒரு தடவைதான் போனோம். அந்தப் பனிமலையப் பாக்கையில அவரு நெனப்புத்தான்" என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "குளிரலையாம்மா?" என்றேன்.

"குளிருச்சு. அவரு செய்யற மாதிரியே செஞ்சேன். பேப்பர் தேடுனேன். கப்பல்ல தமிழ்ப் பேப்பருக்கு எங்க போறது? பையில உன் கட்டுரை வந்த புஸ்தகம் இருந்துச்சு. மடிச்சு நெஞ்சுல வச்சு ஸ்வெட்டரைப் போட்டேன். குளிரே தெரியலைடா!"

பி.காம். படித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதாமல் கட்டுரை எழுதுகிறானே என்று பத்து வருஷமாகப் புலம்பிய அம்மா. "இந்த எழுத்தால யாருக்குடா பிரயோசனம்?" என்று கேட்ட அதே அம்மா.

அடுத்த நாள் அக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். சாம்பல் நிற மழை. பின்னால் நீலப் பனி. நடுவில் ஆறு கட்டுரைக் கோட்டுக்குள், யாரும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, மழைப் பேண்ட்டோடு என் அம்மா. தலையில் அப்பாவின் குரங்குக் குல்லா. அதை எப்போது பெட்டியில் வைத்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

என் பட்டியலில் அது இல்லை.